அடினாய்டை இப்போதே எடுக்க வேண்டுமா, கொஞ்சம் பொறுக்கலாமா?

திருப்பூரிலிருந்து ஓர் அம்மா கேட்டிருக்கிறார். அவருடைய மகனுக்கு நான்கு வயது முடிந்து இரண்டு மாதம் ஆகிறது, எல்கேஜி போகிறான். ஒன்றரை வருடமாக மூக்கடைப்பு. வாயைத் திறந்துகொண்டுதான் தூங்குகிறான், தினமும் குறட்டை. எக்ஸ்ரே எடுத்துப் பார்த்த ஈஎன்டி டாக்டர், "அடினாய்டு கிரேடு 3, எடுத்துவிடலாம்" என்று சொல்லியிருக்கிறார். வழக்கமாகப் பார்க்கும் குழந்தை டாக்டரோ, "ஏழெட்டு வயதில் தானாகச் சுருங்கிவிடும், அவசரப்படாதீர்கள்" என்கிறார். மாமியார், அந்தச் சதையை எடுத்தால் எதிர்ப்புச் சக்தி போய்விடும் என்று பயப்படுகிறார். கடைசியில் ஒரு வரி: "இப்போதெல்லாம் சொன்ன பேச்சே கேட்பதில்லை, டிவி சத்தத்தை வேறு கூட்டி வைத்துக்கொள்கிறான்." யார் சொல்வதைக் கேட்பது என்பதுதான் அவர் கேள்வி.

முப்பது வருடத்துக்கும் மேலாகக் காது மூக்கு தொண்டை மருத்துவராக இருந்திருக்கிறேன். இந்த ஆபரேஷனை நிறையச் செய்திருக்கிறேன், அதைவிட அதிகமான பிள்ளைகளுக்கு வேண்டாம் என்று சொல்லி அனுப்பியுமிருக்கிறேன். உங்கள் பையனை நான் பார்க்கவில்லை. அதனால் எடு, எடுக்காதே என்று இங்கிருந்து தீர்ப்புச் சொல்ல முடியாது. எந்தக் கேள்விகளுக்குப் பதில் கிடைத்தால் முடிவு தெளிவாகும் என்பதைச் சொல்கிறேன். அந்தக் கடைசி வரிக்கும் கட்டாயம் வருகிறேன். உங்கள் கேள்வி முழுவதிலும் என்னை நிமிர்ந்து உட்கார வைத்தது அதுதான்.

முதலில் அடினாய்டு எங்கே இருக்கிறது என்று பார்ப்போம். பிள்ளை வாயைத் திறந்தால் இரண்டு பக்கமும் உருண்டையாகத் தெரிவது டான்சில். அடினாய்டு அப்படித் தெரியாது. நடுவில் தொங்கும் உள்நாக்குக்கு மேலே, மூக்கின் இரண்டு துளைகளும் பின்னால் போய்த் தொண்டையில் திறக்கும் இடத்தில், கூரையில் ஒட்டியிருக்கும் மெத்தென்ற சதை அது. மூச்சோடு உள்ளே வரும் கிருமிகளை உடம்புக்கு அடையாளம் காட்டுவது அதன் வேலை. பிறக்கும்போது சின்னதாக இருக்கும். இரண்டு, மூன்று வயதிலிருந்து வளர்ந்து, ஆறேழு வயது வரை பெரிதாக இருந்து, அதன் பிறகு சுருங்கத் தொடங்கும். பதின்ம வயது முடிவதற்குள் பெரும்பாலானவர்களுக்கு இருந்த இடமே தெரியாது. இந்த வயதில்தான் மூக்கின் பின்வாசல் சின்னதாக இருக்கிறது, சதை பெரிதாக இருக்கிறது. நெரிசல் வருவது அதனால்தான்.

அதனால் உங்கள் குழந்தை டாக்டர் சொன்னது உண்மை, சுருங்கும். ஈஎன்டி டாக்டர் சொன்னதும் உண்மையாக இருக்கலாம், இப்போது அது வழியை அடைத்துக்கொண்டிருக்கலாம். இருவரும் ஒரே விஷயத்தின் இரண்டு பக்கங்களைச் சொல்கிறார்கள். சுருங்கும் வரை இந்தப் பிள்ளையால் நஷ்டமில்லாமல் காத்திருக்க முடியுமா என்பதுதான் நடுவில் விடுபட்டுப்போன கேள்வி.

டாக்டர்கள் இப்படி மாறுபடுவது புதிதும் அல்ல. 1934இல் நியூயார்க்கில், டான்சில் ஆபரேஷன் விஷயத்தில் ஓர் ஆய்வு நடத்தினார்கள். 11 வயதுப் பள்ளிப் பிள்ளைகள் 1000 பேர். அதில் 611 பேருக்கு ஏற்கெனவே டான்சிலை எடுத்திருந்தார்கள். மிச்சமிருந்த 389 பேரைப் பள்ளி மருத்துவர்களிடம் காட்டியபோது 174 பேருக்கு எடுக்க வேண்டும் என்றார்கள். வேண்டாம் என்று தள்ளப்பட்ட 215 பேரை வேறு மருத்துவர்களிடம் காட்டினார்கள், அவர்கள் அதிலும் 99 பேருக்கு எடுக்கச் சொன்னார்கள். மீதிப் பேரை மூன்றாவது முறையும் காட்டினார்கள். கடைசியில் யாருமே கைவைக்கச் சொல்லாமல் மிஞ்சியவர்கள் 65 பேர்தான். யாரும் ஏமாற்றவில்லை. சதையின் அளவை மட்டும் பார்த்து முடிவெடுத்தால் இப்படித்தான் ஆகும். அந்தக் காலத்துக்குப் பிறகு மருத்துவம் நிறையக் கற்றுக்கொண்டிருக்கிறது. ஆனாலும் எக்ஸ்ரேயில் தெரியும் அளவை மட்டும் வைத்துச் சொல்லும் முடிவு இன்றைக்கும் பலவீனமானதே.

அந்த எக்ஸ்ரேயைப் பற்றியும் ஒன்று சொல்ல வேண்டும். பக்கவாட்டில் எடுக்கும் அந்தப் படம் ஒரு நொடியின் நிழல். பிள்ளை அழுதாலோ, எச்சில் விழுங்கினாலோ மேலண்ணம் மேலே ஏறி, இருக்கும் இடைவெளியும் இல்லாததுபோல் தெரியும். நல்ல சளி இருக்கும் வாரத்தில் எடுத்தால் சதையே வீங்கியிருக்கும். படம் எடுத்த அன்று உங்கள் பையனுக்குச் சளி இருந்ததா என்று யோசித்துப் பாருங்கள். மூக்கு வழியாக மெல்லிய எண்டோஸ்கோப் விட்டு நேரில் பார்ப்பது இதைவிட நம்பகமானது. நான்கு வயதுப் பிள்ளையை மடியில் வைத்துக்கொண்டு ஒரு நிமிடத்தில் பார்த்துவிடலாம், கொஞ்சம் அழுவான், அவ்வளவுதான். அதில் கிரேடு 3 என்றே வந்தாலும், "வழி இவ்வளவு அடைபட்டிருக்கிறது" என்பது மட்டும்தான் அதற்கு அர்த்தம். கிரேடு 3 இருந்தும் ஓடியாடி, நன்றாகத் தூங்கி, காதில் குறையில்லாமல் வளர்ந்த பிள்ளைகளை நான் பார்த்திருக்கிறேன். சதை சின்னதாக இருந்தும் காதைக் கெடுத்த பிள்ளைகளையும் பார்த்திருக்கிறேன்.

அளவை விட்டுவிடுவோம். நான் இரண்டு இடங்களைப் பார்ப்பேன்: பிள்ளையின் ராத்திரி, பிள்ளையின் காது.

ராத்திரியை டாக்டர் பார்க்க முடியாது, நீங்கள்தான் பார்க்க வேண்டும். குறட்டை தினமும் உண்டு என்கிறீர்கள். வாரத்தில் மூன்று நாளோ அதற்கு மேலோ குறட்டை விடும் பிள்ளையை விசாரிக்காமல் விடக்கூடாது. ஆனால் குறட்டையின் சத்தத்தைவிட அதன் இடையில் வரும் மௌனம்தான் முக்கியம். குறட்டை விட்டுக்கொண்டே இருப்பான், திடீரென்று சத்தம் நிற்கும், நெஞ்சு மட்டும் ஏறி இறங்கும், மூச்சு உள்ளே போகாது. அப்புறம் ஒரு திணறல், ஒரு புரளல், மறுபடி குறட்டை. தூக்கத்தில் மூச்சு அடைபடுவது இப்படித்தான் இருக்கும். கழுத்தைப் பின்னால் வளைத்துப் படுப்பது, முழங்காலிட்டுக் குப்புறத் தூங்குவது, ஃபேன் ஓடும்போதும் தலையணை நனையும் அளவுக்கு வியர்ப்பது, படுக்கையை நனைப்பதை நிறுத்திய பிள்ளை மறுபடி நனைக்கத் தொடங்குவது, விடிந்ததும் தலைவலி என்பது, வயதுக்கேற்ற எடை ஏறாமல் இருப்பது இவையெல்லாம் அதோடு சேர்ந்து வரலாம்.

ஒரு வேலை செய்யுங்கள். செல்போனில் வீடியோ எடுங்கள். படுத்தவுடன் எடுக்க வேண்டாம், விடியற்காலை 3 மணியிலிருந்து 5 மணிக்குள் எடுங்கள். கனவு வரும் தூக்கம் பின்னிரவில்தான் அதிகம், பிள்ளைகளுக்கு மூச்சடைப்பு மோசமாவதும் அந்தத் தூக்கத்தில்தான். சட்டையைக் கழற்றிவிட்டு, நெஞ்சும் வயிறும் முகமும் தெரியும்படி, சத்தம் பதியும்படி இரண்டு மூன்று நிமிடம், இரண்டு மூன்று நாள் எடுங்கள். என்னிடம் வந்த எத்தனையோ பேருக்கு அந்த வீடியோதான் முடிவைச் சொன்னது. தூங்கும்போது கவனித்ததில்லை என்று பெற்றோர் சொன்ன பிள்ளையின் வீடியோவில் பத்துப் பன்னிரண்டு நொடி மூச்சு நின்றதைப் பார்த்திருக்கிறேன். விலா எலும்புக்குக் கீழே குழி விழும் அளவுக்கு அவன் மூச்சை இழுத்துக்கொண்டிருந்தான்.

பகலையும் சேர்த்துப் பாருங்கள். பெரியவர்களுக்குத் தூக்கம் கெட்டால் பகலில் தூங்கி வழிவார்கள். பிள்ளைகள் பலர் அதற்கு நேர்மாறாக, ஓர் இடத்தில் உட்காராமல், எரிச்சலோடு, எதிலும் கவனம் நிற்காமல் இருப்பார்கள். சேட்டை அதிகம் என்று பள்ளியில் பேர் வாங்கும் பிள்ளைகளில் சிலருக்குத் தூக்கம்தான் பிரச்சினை.

மூச்சு நிற்பது தெளிவாகத் தெரிந்தால், நான் காத்திருக்கச் சொல்ல மாட்டேன். சந்தேகமாக இருந்தால் ஸ்லீப் ஸ்டடி எனப்படும் தூக்கப் பரிசோதனை இருக்கிறது. பெரிய நகரங்களில் கிடைக்கும், எல்லாப் பிள்ளைக்கும் அது தேவையில்லை. இங்கே இன்னொன்றையும் டாக்டரிடம் கேளுங்கள்: டான்சில் எப்படி இருக்கிறது? மூச்சடைப்புக்குப் பெரும்பாலும் டான்சிலும் அடினாய்டும் சேர்ந்தே காரணம். டான்சில் பெரிதாக இருக்கும்போது அடினாய்டை மட்டும் எடுத்தால் பாதி அடைப்பு அப்படியே இருக்கும், மறுபடி மயக்க மருந்து கொடுக்க வேண்டிவரும்.

மூச்சடைப்புக்காக இரண்டையும் சேர்த்து எடுத்த ஆபரேஷன் பற்றி 2013இல் அமெரிக்காவில் ஒரு நல்ல ஆய்வு வெளியானது. 5 வயது முதல் 9 வயது வரை 464 பிள்ளைகள். பாதிப் பேருக்கு உடனே ஆபரேஷன், பாதிப் பேரைக் கவனித்தபடி 7 மாதம் காத்திருக்க வைத்தார்கள். ஆபரேஷன் செய்தவர்களில் 79 சதவீதம் பேருக்குத் தூக்கப் பரிசோதனை சரியானது. காத்திருந்தவர்களிலும் 46 சதவீதம் பேருக்குத் தானாகவே சரியானது. நடத்தை, தூக்கம், அன்றாட வாழ்க்கை ஆகியவற்றில் ஆபரேஷன் செய்தவர்கள் நன்றாக இருந்தார்கள். கவனம், அறிவுத்திறன் சோதனையில் பெரிய வித்தியாசம் இல்லை. மிக மோசமான அடைப்பு இருந்த பிள்ளைகளை அந்த ஆய்வில் சேர்க்கவே இல்லை என்பதையும் நினைவில் வைக்க வேண்டும். 2023இல் வந்த இன்னோர் ஆய்வு, குறட்டை உண்டு ஆனால் மூச்சு நிற்பது மிகக் குறைவு என்ற அளவில் இருந்த 459 பிள்ளைகளைப் பார்த்தது. அதிலும் கிட்டத்தட்ட இதே கதை: ஒரு வருடம் கழித்து கவனத்தில் வித்தியாசமில்லை, தூக்கமும் நடத்தையும் ஆபரேஷன் செய்தவர்களுக்கு மேல். எனவே படிப்பு பாழாகிவிடும், மூளை வளராது என்று யாராவது பயமுறுத்தினால் அதை நம்பி ஓட வேண்டாம். அதே சமயம், பிள்ளை நிம்மதியாகத் தூங்குவதே போதிய காரணம்தான், அதைச் சின்ன விஷயம் என்று ஒதுக்கவும் வேண்டாம்.

இப்போது அந்த டிவிக்கு வருகிறேன். சொன்ன பேச்சைக் கேட்பதில்லை என்கிறீர்கள். அவன் கேட்காமல் இருக்கிறானா, அவனுக்குக் கேட்கவில்லையா?

மூக்கின் பின்புறத்திலிருந்து காதின் உள்ளறைக்கு ஒரு மெல்லிய குழாய் போகிறது. காதுக்குள் காற்று போய்வருவது அதன் வழியாகத்தான். அதன் வாய் அடினாய்டுக்குப் பக்கத்திலேயே இருக்கிறது. அடினாய்டு அதை நெருக்கினாலோ, அடினாய்டில் குடியிருக்கும் கிருமிகள் அந்த வழியாகப் போய்க்கொண்டே இருந்தாலோ, செவிப்பறைக்குப் பின்னால் நீர் கட்டும். நாளாக ஆக அது பசைபோல் கெட்டியாகும். வலி இருக்காது, காய்ச்சல் இருக்காது, சீழ் வராது. அதனால்தான் வீட்டில் யாருக்கும் தெரியாது. நம் காதில் விரலை வைத்து அடைத்துக்கொண்டு கேட்டால் எப்படி இருக்குமோ அப்படித்தான் அந்தப் பிள்ளைக்கு நாள் முழுக்கக் கேட்கும். பக்கத்தில் நின்று சொன்னால் கேட்கும், சமையலறையிலிருந்து கூப்பிட்டால் கேட்காது. சளி கூடும் வாரத்தில் மோசமாகும், அப்புறம் கொஞ்சம் தேறும். கேட்கிற நாளும் கேட்காத நாளும் மாறி மாறி வருவதால் பெற்றோர் பிடிவாதம் என்று நினைத்துவிடுகிறார்கள்.

ஐந்து வயதுப் பெண் குழந்தை ஒன்றை என்னால் மறக்க முடியாது. வகுப்பில் எதற்கும் பதில் சொல்வதில்லை, மந்தமாக இருக்கிறாள் என்று ஆசிரியை சொல்லி, வீட்டிலும் அடி வாங்கிய பிள்ளை. இரண்டு காதிலும் பசை. ஆபரேஷன் முடிந்து, நீர் மறுபடி கட்டாமலிருக்கச் செவிப்பறையில் சின்னக் குழாய் வைத்த மறுநாள், தெருவில் போன ஆட்டோ சத்தத்துக்குக் காதைப் பொத்திக்கொண்டு அழுதாள். அவளுடைய அப்பா அன்றைக்கு மருத்துவமனை வராந்தாவில் உட்கார்ந்து அழுததும் நினைவிருக்கிறது. இதைப் படிக்கும் பெற்றோர் யாராக இருந்தாலும், சொன்ன பேச்சு கேட்காத, மூக்கடைத்த பிள்ளையைத் திட்டுவதற்கு முன்னால் ஒரு தடவை காதைச் சோதித்துவிடுங்கள்.

சோதனை எளிதுதான். டிம்பனோமெட்ரி என்று ஒன்று, காதில் ஒரு சின்ன முனையை வைத்து இரண்டு நிமிடத்தில் உள்ளே நீர் இருக்கிறதா என்று காட்டும். பிள்ளை பதில் சொல்ல வேண்டிய அவசியமே இல்லை. அதோடு, சத்தம் கேட்கும்போதெல்லாம் ஒரு கட்டையைக் கூடையில் போடச் சொல்லி விளையாட்டாகச் செய்யும் செவித்திறன் சோதனை. நான்கு வயதுப் பிள்ளை அதை நன்றாகச் செய்வான். உங்கள் ஈஎன்டி டாக்டர் இவற்றைச் செய்திருந்தால் நீங்கள் எழுதியிருப்பீர்கள் என்று நினைக்கிறேன். செய்யவில்லை என்றால், ஆபரேஷன் தேதி குறிப்பதற்கு முன்னால் இதைக் கேட்டு வாங்குங்கள்.

நீர் இருப்பது தெரிந்தாலும் உடனே கத்தி எடுக்க மாட்டோம். சளிக்குப் பிறகு காதில் கட்டிய நீர் பெரும்பாலும் சில வாரங்களில் தானாக வடியும். 3 மாதம் கழித்து மறுபடி பார்ப்போம். அப்போதும் இரண்டு காதிலும் நீர் இருந்து, கேட்பதும் குறைந்திருந்தால்தான் சிகிச்சை. இதில் வயது முக்கியம். நான்கு வயதுக்குக் குறைந்த பிள்ளைக்குக் காது நீருக்காக மட்டும் அடினாய்டை எடுக்க வேண்டாம், குழாய் வைத்தால் போதும் என்பதுதான் அமெரிக்க ஈஎன்டி மருத்துவர் சங்கத்தின் வழிகாட்டுதல். நான்கு வயதும் அதற்கு மேலும் என்றால் அடினாய்டை எடுப்பதால் பலன் உண்டு, நீர் மறுபடி கட்டுவது குறைகிறது. உங்கள் பையன் அந்தக் கோட்டை இப்போதுதான் தாண்டியிருக்கிறான். காது மோசமாக இருப்பது உறுதியானால், அவன் விஷயத்தில் நான் ஆபரேஷன் பக்கம் சாய்வேன்.

அடிக்கடி சளி பிடிக்கிறது என்பதற்காக மட்டும் எடுப்பதை நான் ஆதரிப்பதில்லை. நெதர்லாந்தில் 1 முதல் 6 வயது வரையுள்ள 111 பிள்ளைகளை வைத்து நடந்த ஆய்வு 2011இல் வெளிவந்தது. அடினாய்டை எடுத்தவர்களுக்கும் எடுக்காமல் காத்திருந்தவர்களுக்கும் வருடத்துக்குக் கிட்டத்தட்ட அதே 8 தடவை சளி, இருமல், தொண்டைத் தொல்லை வந்தது. பள்ளிக்கூடம் சேர்ந்த புதிதில் வருடத்துக்கு ஏழெட்டு முறை சளி பிடிப்பது வழக்கம்தான். எடுத்தால் சளியே பிடிக்காது என்று நம்பி ஆபரேஷனுக்கு வந்து, மூன்று மாதத்தில் மூக்கு ஒழுகும் பிள்ளையோடு ஏமாந்த முகத்துடன் திரும்பி வந்த அம்மாக்கள் உண்டு. அவர்களுக்கு முன்கூட்டியே இதைத் தெளிவாகச் சொல்லாதது எங்கள் தவறு. மாதக்கணக்கில் பச்சை, மஞ்சள் சளி நிற்காமல், மருந்துக்கும் அடங்காமல் இருக்கும் சைனஸ் தொல்லை வேறு விஷயம், அதற்கு எடுப்பது உதவலாம்.

சரி, மூச்சு நிற்கவில்லை, காதும் பரவாயில்லை, மூக்கடைப்பும் குறட்டையும் மட்டும்தான் என்றால்? அப்போது மருந்துக்கு ஒரு நேர்மையான வாய்ப்புக் கொடுக்க வேண்டும். மூக்கில் அடிக்கும் ஸ்டீராய்டு ஸ்ப்ரே, அதாவது மொமெட்டசோன் போன்றவை, அடினாய்டின் வீக்கத்தைக் குறைக்கும். ஸ்டீராய்டு என்ற சொல்லைக் கேட்டுப் பயப்பட வேண்டாம், மொமெட்டசோன் ஸ்ப்ரேயில் உடம்புக்குள் போகும் அளவு மிகக் குறைவு, இரண்டு வயதிலிருந்தே கொடுக்கப்படுகிறது. டாக்டர் சொன்ன அளவில், தினமும், 6 முதல் 8 வாரம். ஐந்து நாள் அடித்துவிட்டுக் கேட்கவில்லை என்று நிறுத்துவதுதான் நான் கண்ட பெரிய பிழை. இன்னொன்று, அடிக்கும் விதம். தலையைப் பின்னால் சாய்க்கக்கூடாது, லேசாகக் குனிய வைக்க வேண்டும். முதலில் உப்புத் தண்ணீர் சொட்டு விட்டு மூக்கைச் சிந்த வைத்து, பிறகு ஸ்ப்ரேயின் முனையை மூக்கின் நடுச்சுவரைப் பார்க்காமல் வெளிப்பக்கம் காதை நோக்கித் திருப்பி அடிக்க வேண்டும். நடுச்சுவரில் பட்டால் ரத்தம் கசியும். மூக்கடைப்பை உடனே திறக்கும் சொட்டு மருந்து இதுவல்ல. அதைச் சில நாட்களுக்கு மேல் விட்டால் அடைப்பு முன்னைவிட மோசமாகும்.

மான்டெலுகாஸ்ட் என்ற அலர்ஜி மருந்தைப் பற்றி ஒரு வார்த்தை. நம்மூரில் லிவோசிட்ரிசின் என்ற இன்னோர் அலர்ஜி மருந்தோடு சேர்த்து சிரப்பாக மாதக்கணக்கில் கொடுக்கிறார்கள். சில பிள்ளைகளுக்கு உதவுகிறது. ஆனால் கெட்ட கனவு, கோபம், அழுகை, மனநிலை மாற்றம் வரலாம் என்று 2020இல் அமெரிக்க மருந்துத் துறை தன் மிகக் கடுமையான எச்சரிக்கையை அதற்கு விதித்தது. உங்கள் பையன் அதைக் குடித்துக்கொண்டிருந்தால், சேட்டை எப்போது கூடியது என்று தேதி வைத்துப் பாருங்கள், மாற்றம் தெரிந்தால் டாக்டரிடம் சொல்லுங்கள். ஒவ்வொரு சளிக்கும் ஆன்டிபயாடிக் கொடுப்பதால் அடினாய்டு சுருங்காது.

வீட்டில், அவன் தூங்கும் அறையில் கொசுவர்த்தி, ஊதுபத்தி வேண்டாம். தலைக்கு ஊற்றியபின் போடும் சாம்பிராணிப் புகையும் வேண்டாம். யாராவது புகைபிடித்தால், பால்கனியில் போய்ப் பிடித்தாலும் சட்டையோடு உள்ளே வரும். ஆவி பிடிப்பதற்காகக் கொதிக்கும் தண்ணீர்ப் பாத்திரத்தைப் பிள்ளை பக்கத்தில் வைக்காதீர்கள், அதனால் வெந்துபோன பிள்ளைகளைப் பார்த்தவன் என்பதால் சொல்கிறேன்.

மாமியாரின் பயத்தை மூடநம்பிக்கை என்று தள்ளிவிடாதீர்கள். அந்தச் சதைக்கு எதிர்ப்புச் சக்தியில் பங்கு உண்டு, முதல் சில வருடங்களில் அதிகம். ஆனால் அதே வேலையைச் செய்யும் திசு தொண்டையைச் சுற்றிலும், நாக்கின் அடியிலும், குடலிலும் நிறைய இருக்கிறது. எடுத்த பிள்ளைகள் தொற்றுக்கு ஆளாகிச் சாய்ந்துவிடுவதில்லை. டென்மார்க்கில் சுமார் 12 லட்சம் பேரின் பதிவேடுகளைப் பார்த்து 2018இல் வந்த ஆய்வு, 9 வயதுக்குள் அடினாய்டு, டான்சில் எடுத்தவர்களுக்குப் பிற்காலத்தில் சுவாச நோய்கள் அதிகம் என்றது. இதை வைத்து ஆபரேஷன்தான் காரணம் என்று சொல்ல முடியாது, ஆபரேஷன் வரை போன பிள்ளைகள் ஏற்கெனவே அதிகம் நோய்ப்பட்டவர்களாக இருந்திருக்கலாம். ஆனாலும் காரணமில்லாமல் எடுக்கக்கூடாது என்ற அளவில் உங்கள் மாமியாரும் அந்த ஆய்வும் ஒரே பக்கம்தான், நானும் அங்கேதான் நிற்கிறேன்.

மயக்க மருந்துதான் பெற்றோருக்குப் பெரிய பயம். அடினாய்டை மட்டும் எடுக்கும் ஆபரேஷன் அரை மணி நேரத்துக்குள் முடிந்துவிடும். கைக்குழந்தைகளுக்கு ஒரு மணி நேரத்துக்கும் குறைவாகக் கொடுத்த முழு மயக்கம் மூளை வளர்ச்சியைப் பாதிக்கிறதா என்று பல நாடுகளில் 722 குழந்தைகளை ஐந்து வயது வரை தொடர்ந்து பார்த்தார்கள். 2019இல் முடிவு வந்தது, அறிவுத்திறனில் வித்தியாசம் இல்லை. நீங்கள் கேட்க வேண்டியது வேறு: மயக்க மருந்து கொடுப்பவர் சின்னப் பிள்ளைகளுக்குக் கொடுத்துப் பழகியவரா? மூச்சடைப்பு கடுமையாக இருந்தால் அன்று ராத்திரி ஆக்சிஜன் அளவைக் கவனித்தபடி அங்கேயே வைத்துக்கொள்வார்களா? இந்த இரண்டும்தான் எனக்கு முக்கியம். கருவி வைத்துச் சுரண்டி எடுப்பதா, மின்சக்தியால் சதையைக் கரைத்து எடுக்கும் கோப்லேஷனா என்ற கேள்வி இரண்டாம் பட்சம், பழகிய கையில் எதுவும் நன்றாக வரும். கேமரா வைத்துப் பார்த்து எடுத்தால் மிச்சம் விடுவது குறையும்.

ஆபரேஷனுக்கு முன் டாக்டர் உள்நாக்கையும் மேலண்ணத்தையும் பார்த்தாரா என்று கேளுங்கள். உள்நாக்கு இரண்டாகப் பிளந்திருந்தால், தோலுக்கு அடியில் மறைந்த அண்ணப்பிளவு இருக்கலாம். அப்படிப்பட்ட பிள்ளைக்கு அடினாய்டை முழுதாக எடுத்தால் பேச்சு மூக்கு வழியாக ஒழுகும், குடிக்கும் தண்ணீரும் மூக்கில் வரலாம். அரிதுதான், ஆனால் முன்பே பார்த்தால் தவிர்க்கலாம். வீட்டில் யாருக்காவது சின்னக் காயத்துக்கும் ரத்தம் நிற்காமல் வரும் பழக்கம் உண்டா, பிள்ளைக்கு ஆடும் பல் இருக்கிறதா, கடந்த இரண்டு வாரத்தில் காய்ச்சல், சளி வந்ததா என்பதை நீங்களே முன்வந்து சொல்லுங்கள். சளி இருந்தால் தேதியைத் தள்ளிப்போடுவார்கள், லீவு போட்டாகிவிட்டது என்று வற்புறுத்தாதீர்கள்.

எடுத்தபின் வெளியே தையலோ தழும்போ இருக்காது, பெரும்பாலும் அன்றோ மறுநாளோ வீட்டுக்கு அனுப்புவார்கள். வலிக்கு டாக்டர் சொன்ன அளவில் பாரசிட்டமால். கோடீன் கலந்த மருந்தும் ஆஸ்பிரினும் கூடவே கூடாது. ஒன்றிரண்டு வாரம் வாய் நாறும், குரல் கொஞ்சம் மாறியிருக்கும், குறட்டை உடனே நிற்காது, பயப்பட வேண்டாம். மூக்கிலிருந்தோ வாயிலிருந்தோ புது ரத்தம் வந்தால், கழுத்து ஒரு பக்கமாகக் கோணி நின்றால், தண்ணீர்கூடக் குடிக்க மறுத்தால் காத்திருக்காமல் ஓடுங்கள். மூன்று வயதுக்குக் கீழே எடுத்தால் மறுபடி வளரும் வாய்ப்பு கொஞ்சம் அதிகம், உங்கள் பையன் அந்த வயதைத் தாண்டிவிட்டான்.

உங்கள் பையனுக்கு நானாக இருந்தால் செய்வது இது. இந்த வாரமே காது சோதனை. மூன்று ராத்திரி வீடியோ. அதில் மூச்சு நிற்பது தெரிந்தால், டான்சிலையும் பார்த்துவிட்டு ஆபரேஷனுக்குத் தேதி குறிப்பேன். மூச்சு நிற்கவில்லை என்றால் இன்றே ஸ்ப்ரேயைத் தொடங்குவேன், சரியான விதத்தில், 8 வாரம். காதில் நீர் இருந்தால் 3 மாதம் கழித்து மறு சோதனை, அப்போதும் இருந்து கேட்பதும் குறைந்திருந்தால் அடினாய்டை எடுத்துக் காதில் குழாயும் வைக்கச் சொல்வேன். காதும் ராத்திரியும் நன்றாக இருந்து ஸ்ப்ரேயில் மூக்கும் கொஞ்சம் திறந்தால், கிரேடு என்னவாக இருந்தாலும் தொடமாட்டேன், ஆறு மாதத்துக்கு ஒருமுறை பார்ப்பேன்.

அதுவரை இரண்டு காரியம். பள்ளியில் ஆசிரியையிடம் சொல்லி அவனை முதல் வரிசையில் உட்கார வையுங்கள். வீட்டில் கூப்பிடும்போது அடுத்த அறையிலிருந்து சத்தம் போடாமல், பக்கத்தில் போய், தோளைத் தொட்டு, அவன் உங்கள் முகத்தைப் பார்த்தபின் பேசுங்கள்.